முகப்புத் திரையின் முதல் ஆறு கட்டங்கள்: ஸ்பாட்டிஃபை செயலி பற்றி ஒரு மதிப்புரை

ஓர் இசைச் செயலியைத் திறந்தவுடன் திரையின் மேற்பாதியில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பாட்டுகளின் இருப்பைப் பொறுத்தவரை இன்று பெரிய செயலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் வைத்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் கிடைக்கும் தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை ஆப்பிள் மியூசிக்கிலும் யூடியூப் மியூசிக்கிலும் கிடைக்கும். ஆகவே மாதச் சந்தா கட்டுகிறவர், கோடிக்கணக்கான பாட்டுகளிலிருந்து இந்த நேரத்துக்குத் தமக்கு ஏற்றது எது என்று எடுத்துவைக்கும் கைக்குத்தான் உண்மையில் காசு கொடுக்கிறார். அந்தக் கையின் வேலை தெரியும் இடம் முகப்புத் திரை. 2019 பிப்ரவரி இறுதியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது முதல் அதன் முகப்பு பலமுறை மாறியிருக்கிறது. அவற்றுள் 2020 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் நடந்த இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. முதலாவது கேட்பவரின் பழக்கத்தை மதித்தது; இரண்டாவது அவருடைய கவனத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. தமிழ்ப் பாட்டு கேட்கிறவர் என்ற நிலையிலிருந்து இவ்விரண்டையும் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

2020 மாற்றத்தின் மையம் மிக எளிமையானது. திரையின் உச்சியில், காலை, பிற்பகல், மாலை என்று நேரத்துக்கு ஏற்ற ஒரு வாழ்த்து. அதன் கீழே இரண்டிரண்டாக ஆறு சிறிய கட்டங்கள். நாம் அண்மையில் அடிக்கடி திறந்த ஆல்பம், பிளேலிஸ்ட், பாட்காஸ்ட் ஆகியவை அந்தக் கட்டங்களில் வந்து நிற்கும். காலையில் பக்திப் பாடல்களும் செய்திப் பாட்காஸ்ட்டும் கேட்டு, இரவில் பழைய மெல்லிசை கேட்கிறவருக்கு, காலையிலும் இரவிலும் வெவ்வேறு ஆறு கட்டங்கள் தெரியும். புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியவையெல்லாம் அதற்குக் கீழேதான். பின்னாளில் கட்டங்கள் எட்டாயின, வாழ்த்து மறைந்தது என்றாலும் அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே.

இதை நான் மிக நல்ல வடிவமைப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்த பாட்டைத் திரும்பக் கேட்பதே இசை கேட்பதில் பெரும்பகுதி. வானொலியில் ‘நேயர் விருப்பம்’ நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்ட காலத்தில், நேயர்கள் ஏற்கெனவே நூறு முறை கேட்ட பாட்டைத்தான் நூற்றோராவது முறையாகக் கேட்டு எழுதினார்கள். அந்த இயல்பு மாறவில்லை. அடுப்படியில் நிற்கும்போதோ பேருந்துக்கு ஓடும்போதோ செயலியைத் திறக்கிறவர், பெரும்பாலும் தமக்கு வேண்டியது எது என்று தெரிந்தே திறக்கிறார். அவரை வரவேற்று உட்கார வைத்து வேறொன்றைக் காட்டுவதைவிட, அவர் கேட்டதை உடனே கொடுத்து அனுப்புவதே மரியாதை. அந்த ஆறு கட்டங்களும் ஓர் அஞ்சறைப்பெட்டியைப் போன்றவை. தாளிக்கும்போது யாரும் பெட்டியைப் பார்த்துத் தேடுவதில்லை. கடுகு இருக்கும் குழிக்குக் கை தானாகவே போகும்.

இந்த ஒப்புமையிலேயே அந்த வடிவமைப்பின் குறையும் தெரிகிறது. கட்டங்களில் எது, எந்த வரிசையில் என்பதைச் செயலியே முடிவு செய்கிறது; இன்று இடப்பக்கம் மேலே இருந்தது நாளை வலப்பக்கம் கீழே போகலாம், அல்லது பட்டியலிலிருந்தே நீங்கலாம். கடுகும் சீரகமும் நாள்தோறும் குழி மாறினால் அந்தப் பெட்டியால் என்ன பயன்? 2021-இல் ‘உங்கள் நூலகம்’ பகுதியைப் புதுப்பித்தபோது, நாம் விரும்பும் நான்கு வரையிலான உருப்படிகளை மேலே ‘பின்’ குத்தி நிறுத்திக்கொள்ள ஸ்பாட்டிஃபை வழி செய்தது. முகப்பின் கட்டங்களுக்கும் அதே உரிமை வேண்டும். ஆறில் மூன்றையாவது கேட்பவர் தம் கையால் நிறுத்திவைக்கட்டும். மீதி மூன்றில் செயலி நேரத்தையும் பழக்கத்தையும் பார்த்து ஊகிக்கட்டும். தனிப்பயனாக்கம் என்றாலே கணிப்பொறி நம்மைப் பற்றிச் செய்யும் ஊகம் என்று ஆகிவிட்டது. நாமே சொல்லி நாமே வைத்துக்கொள்வதும் தனிப்பயனாக்கமே. சொல்லப்போனால் பிழையில்லாத தனிப்பயனாக்கம் அது ஒன்றுதான்.

கட்டங்களுக்குக் கீழே வரும் பகுதி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதைக் குறை சொல்லவோ பாராட்டவோ முடியும். அங்கே கடை அலமாரியைப் போல வரிசை வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் அட்டைகள். எந்தத் தட்டு மேலே வர வேண்டும், ஒரு தட்டுக்குள் எந்த அட்டை முன்னால் நிற்க வேண்டும் என்ற இரண்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவாகின்றன. இதற்கான முறையொன்றை ஜேம்ஸ் மெக்இனெர்னி உள்ளிட்ட ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பிடித்தது என்று தெரிந்ததைக் காட்டுவதற்கும், பிடிக்குமா என்று தெரியாத ஒன்றைக் காட்டிச் சோதித்துப் பார்ப்பதற்கும் இடையே எப்போது எதைச் செய்வது என்பதே அதன் மையக் கேள்வி. எப்போதும் தெரிந்ததையே காட்டினால் செயலிக்கு நம்மைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவராது; எப்போதும் சோதித்துக்கொண்டே இருந்தால் நாம் சலித்துப்போய் மூடிவிடுவோம். அந்த ஆய்வில் இன்னொரு நல்ல கருத்தும் இருந்தது. ‘இதைக் கேட்டீர்கள் என்பதால்’, ‘அண்மையில் நீங்கள் விரும்பியவை’ என்று தட்டின் தலைப்பிலேயே பரிந்துரைக்கான காரணத்தைச் சொல்வது. எந்த ஆளுக்கு எந்தக் காரணம் எடுபடும் என்பதையும் சேர்த்தே கணிப்பது. காரணம் சொல்லிப் பரிந்துரைப்பவரிடம் நமக்கு ஒரு நம்பிக்கை வரும். நண்பர் ஒருவர் வெறுமனே ‘இதைக் கேள்’ என்பதற்கும், ‘உனக்கு அந்த வயலின் இடையிசை பிடிக்குமே, அதனால் இதைக் கேள்’ என்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? அந்த வேறுபாட்டை ஒரு திரையில் கொண்டுவர முயன்றதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

ஆனால் பரிந்துரை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அளக்க அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட அளவுகோல், காட்டிய அட்டையிலிருந்து குறைந்தது 30 விநாடிகளாவது ஏதேனும் கேட்கப்பட்டதா என்பதுதான். ஒரு பாட்டு ஒரு முறை ஒலித்ததாகக் கணக்கில் ஏறுவதற்கும் ஸ்பாட்டிஃபையில் அதே 30 விநாடிகளே எல்லை. மூன்று நிமிடப் பாப் பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும்; அரை நிமிடத்தில் அதன் முகம் தெரிந்துவிடும். நம் இசையில் பல வடிவங்களுக்கு இது பொருந்தாது. பல்லவிக்கு முன்னால் நீண்ட முன்னிசை வைத்து அமைத்த திரைப்பாடல்களில் 30 விநாடிகளில் பாடகரின் குரலே வந்திருக்காது. கர்நாடகக் கச்சேரிப் பதிவொன்றில் 30 விநாடிகளில் தம்பூராவின் சுருதி நிலைத்து, வித்வான் ஆலாபனையின் முதல் சஞ்சாரத்தைத் தொட்டிருப்பார், அவ்வளவுதான். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியை முழுவதும் அமர்ந்து கேட்டவரும், அரை நிமிடம் கேட்டுவிட்டு மாற்றியவரும் அந்த ஓர் அளவுகோலில் ஒன்றுதான். இந்த அளவுகோல் மட்டுமே ஆள்கிற முகப்பில், வாசலிலேயே ஆளைப் பிடிக்கும் பாட்டுகள் மேலே ஏறும். பொறுமையாக விரியும் பாட்டுகள் கீழே இறங்கும். இன்று ஸ்பாட்டிஃபை இன்னும் பல அடையாளங்களைக் கவனிக்கிறது என்பது உண்மையே. ஆயினும், முழுவதும் கேட்டது, மறுநாள் தேடிவந்து கேட்டது, மூன்று மாதம் கழித்தும் நினைவு வைத்துக் கேட்டது ஆகியவற்றுக்கு அரை நிமிடத்தைவிடப் பன்மடங்கு எடை தந்து, அதை முகப்பிலேயே நாம் உணரும்படி செய்வதுதான் அடுத்த மாற்றமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2023 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடத்திய நிகழ்ச்சியில் ஸ்பாட்டிஃபை அறிவித்த முகப்பு, இதற்கு எதிர்த்திசையில் போனது. குறுங்காணொளிச் செயலிகளைப் போல, திரை முழுவதையும் அடைக்கும் பெரிய அட்டைகள். விரலால் மேலே தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக முன்னோட்டங்கள். பாட்டு, பாட்காஸ்ட், ஒலிநூல் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஊட்டங்களை (ஃபீடு) அமைத்து, உச்சியில் உள்ள பொத்தான்களால் பிரித்துக்கொள்ள விட்டது மட்டும் எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம், பாட்டுக்காகத் திறந்தவர் முன் பாட்காஸ்ட் அட்டைகளும் கலந்தே கிடந்தன. அந்தப் பிரிப்பைத் தவிர மற்றதெல்லாம் இசைக்கு ஒவ்வாதது என்றே நினைக்கிறேன். காணொளிக்குத் திரைதான் அரங்கம். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் காணொளி. இசைச் செயலியில் திரை ஒரு திண்ணை மட்டுமே. நாம் பாட்டைத் தொட்டுவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு வேலை காதுக்கு. திண்ணையிலேயே நம்மை உட்கார்த்திவைக்கும் முகப்பு, அது கொடுக்கும் பாட்டுகள் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், இசை கேட்கும் நேரத்திலிருந்துதான் தன் நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘டேலிஸ்ட்’ எனக்கு அதைவிட நல்ல சிந்தனையாகப் படுகிறது. ஒரே பிளேலிஸ்ட், நாளில் பலமுறை தானே மாறும், அந்தந்த வேளையில் நாம் வழக்கமாகக் கேட்பதைப் பார்த்துப் பாட்டுகளையும் தலைப்பையும் மாற்றிக்கொள்ளும். நம் மரபில் இது புதிய எண்ணம் இல்லை. பூபாளம் விடியலுக்கு, நீலாம்பரி தாலாட்டுக்கு என்று வேளைக்கும் ராகத்துக்கும் உறவு வைத்தவர்கள் நாம். பழந்தமிழ் இலக்கணங்களிலேயே திணைக்கு ஒரு பண், ஒரு யாழ், ஒரு சிறுபொழுது என்று இலக்கணம் வகுத்திருக்கிறோம். வேளையைப் பார்த்து இசையைத் தேர்வது என்னும் எண்ணம் ஒரு தமிழ்க் காதுக்கு மிக இயல்பானது.

இனித் தமிழ் கேட்பவருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். எனக்கு இந்த மதிப்புரையில் முக்கியமான பகுதி இதுதான்.

இந்தச் செயலிகளின் கட்டமைப்பு முழுவதும் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. மேற்கத்திய பாப் இசையில் பாடுகிறவரே அந்தப் பாட்டின் உரிமையாளர். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அவர் முகம். தமிழில் நாம் பாட்டைக் குறிப்பிடும் முறை வேறு. ‘ராஜா பாட்டு’, ‘ரகுமான் பாட்டு’, ‘எம்.எஸ்.வி. பாட்டு’ என்று முதலில் இசையமைப்பாளரைச் சொல்வோம். அடுத்துப் படத்தைச் சொல்வோம். யார் பாடினார் என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இன்னும் சிலருக்குக் கண்ணதாசன் பாட்டு, வைரமுத்து பாட்டு என்று பாடலாசிரியரே முகவரி. எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றால், அவர்கள் பாடாத பாட்டுகள் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் எந்தப் பாட்டுகளைச் சொல்கிறோம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரு பாட்டுக்கு இப்படி நான்கு ஐந்து வாசல்கள் இருக்கும்போது, எல்லாப் பெயர்களையும் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற ஒரே பெட்டிக்குள் காற்புள்ளி இட்டுப் போட்டுவிட்டால், நான் எந்த வாசல் வழியாக வந்தேன் என்பது செயலிக்குத் தெரியாது. எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய இளையராஜாவின் மெலடி ஒன்றை நான் இளையராஜாவுக்காகவே கேட்டிருப்பேன். பெட்டியில் இரண்டு பெயரும் இருக்கின்றன. பாடகரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகும் பரிந்துரை, அவர் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பாடியவற்றுக்குப் போய்விடும். அவர் அத்தனை மொழிகளிலும் பாடியவர். நான் எதிர்பார்த்ததோ அதே இசையமைப்பாளர், அதே காலகட்டம், அதே வகை வாத்திய அமைப்பு.

ஸ்பாட்டிஃபைக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். இந்தியாவுக்கு வந்தபோதே, திரை நடிகர்களின் பெயரில் பிளேலிஸ்ட்டுகளைத் தொகுத்துத் தந்தது. புதிதாகச் சேர்கிறவரிடம் எந்தெந்த மொழிப் பாட்டுகள் வேண்டும் என்றும் கேட்டது. 2021 மார்ச்சில் தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் செயலியின் இடைமுகத்தையே கொண்டுவந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் நடிகர் பிளேலிஸ்ட் என்பது ஆசிரியர் குழு ஒன்று கையால் தொகுத்து எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்பது. என் முகப்பை எனக்காக அடுக்கும் கணக்குக்குள் நடிகரும் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் படமும் தனித்தனி அடையாளங்களாக நுழைந்தால்தான் பயன் முழுமை பெறும். இடைமுகம் தமிழில் இருந்தாலும் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில்தான் நிற்கின்றன. அதையும் ஒவ்வொரு நிறுவனம் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டி அனுப்புகிறது. இளையராஜா என்ற ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும்.

இன்னொன்று ஆண்டு. 2021-இல் ஸ்பாட்டிஃபை இசைஞர், இசைவகை, பத்தாண்டு என்று மூன்று வகை ‘மிக்ஸ்’களை முகப்பில் சேர்த்தது. பத்தாண்டு மிக்ஸ் என்பது நமக்கு மிகவும் பிடித்தமான வகை. எண்பதுகளின் பாட்டு என்றாலே ஒரு தனி உலகம் திறக்கிறது. ஆனால் பழைய தமிழ்ப் பாட்டுகள் இணையத்துக்கு வந்த வழி, இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும் அங்கிருந்து குறுந்தகட்டுக்கும் பிறகு பற்பல ‘ஹிட்ஸ்’ தொகுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்த நீண்ட வழி. அதனால் ஒரே பாட்டு ஐந்தாறு தொகுப்புகளில் ஐந்தாறு உருப்படிகளாகக் கிடக்கும். அதில் குறிக்கப்படும் ஆண்டு பெரும்பாலும் தொகுப்பு வெளிவந்த ஆண்டாகவே இருக்கும். இந்தச் சிக்கல் எந்த ஒரு செயலிக்கும் உரியது இல்லை. பாட்டுகளை அனுப்பும் நிறுவனங்கள் தரும் விவரத்தின் குறை அது. ஆனாலும் முகப்பைத் திருத்த வேண்டுமானால் வேலையை வண்ணத்திலும் வடிவத்திலும் தொடங்காமல் இங்கேதான் தொடங்க வேண்டும். 1976-இல் திரையிசைக்கு வந்த இளையராஜாவின் தொடக்க காலப் பாட்டு, எண்பதுகளின் நடுப்பகுதிப் பாட்டு, 1992-இல் ரகுமான் வந்தபிறகு இளையராஜா அமைத்த பாட்டு என்ற மூன்றும் கேட்பவருக்கு மூன்று வேறு சுவைகள். ஆண்டு பிழையானால் அந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, ‘பழைய தமிழ்ப் பாட்டு’ என்ற ஒரே மூட்டையாகிவிடும்.

கர்நாடக இசையில் குறை இன்னும் ஆழமானது. வாய்ப்பும் இன்னும் அழகானது. அங்கே ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடியிருப்பார்கள். இயற்றியவர் ஒருவர், பாடுகிறவர் மற்றொருவர், இருவருக்கும் பொதுவாக நிற்பது ராகம். நேற்றிரவு ஒரு பாடகரின் தோடி ராகத்தை முழுவதும் அமர்ந்து கேட்டவருக்கு இன்று என்ன காட்டலாம்? அதே பாடகரின் வேறு பாட்டு என்பது யாரும் தரக்கூடிய விடை. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி என்பதே, இசை தெரிந்த ஒரு பெரியவர் தரும் விடை. தோடி என்றாலே அவர் பெயரைச் சொல்லும் தலைமுறைகள் இருந்திருக்கின்றன. கேட்பவர் அவர் பெயரை ஒருமுறைகூடத் தேடாமலே இருந்திருக்கலாம். கேட்பவரைப் போன்ற பிறர் கேட்டதை வைத்து ஊகிக்கும் முறைக்கும், ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்பவர் சிலரே என்பதால், அந்த வழி எளிதில் புலப்படாது. பாட்டின் பெயரோடு ராகத்தின் பெயரும் ஒழுங்கான விவரமாகப் பதிவாகியிருந்தால் மட்டுமே அது முடியும். ‘நேற்று தோடி கேட்டீர்கள், இதோ இன்னொரு தோடி’ என்று காரணம் சொல்லும் ஒரு தட்டு முகப்பில் வந்தால், 2018 ஆய்வு சொன்ன அந்த நல்ல கருத்து நம் இசையில் உண்மையாகவே பலித்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

ஒரு கணக்குக்கு ஒரே காது என்று எண்ணிக்கொள்வது இந்தச் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொரு பிழை. நம் வீடுகளில் கூடத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கும்; யாருடைய கைப்பேசி பக்கத்தில் இருக்கிறதோ அதிலிருந்து எல்லோருக்கும் பாட்டு ஓடும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு செயலியை நான் பயன்படுத்திக்கொண்டிருந்த நாட்களில், கண் அறுவை சிகிச்சைக்காக அத்தை ஊரிலிருந்து வந்து ஆறு வாரங்கள் எங்களுடன் தங்கியிருந்தார். கண்ணில் மருந்து விட்டபடி படுத்திருந்தவருக்குப் பாட்டுதான் துணை. விடியற்காலை ஐந்து மணிக்கே முருகன் பாடல்கள் வேண்டும், மாலையில் பி. சுசீலாவும் டி. எம். சௌந்தரராஜனும் வேண்டும். என் கைப்பேசியில் அவருக்காக ஓடவிட்ட அந்த ஆறு வாரங்களும் எனக்கும் இனிமையானவையே. அத்தை ஊருக்குப் போன பிறகு, அந்தச் செயலியின் முகப்பு பல மாதங்கள் அத்தையின் முகப்பாகவே இருந்தது. நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த தனிப் பாடகர்களும் புதிய ஆல்பங்களும் அதிலிருந்து மறைந்தே போயின. ‘அந்த ஆறு வாரங்களும் வேறொருவருடையவை’ என்று சொல்ல அதில் ஓரிடமும் இல்லை. ஒவ்வோர் அட்டையாக ‘வேண்டாம்’ என்று அழுத்த வேண்டியிருந்தது. அத்தைக்குப் பிடித்த பாட்டின் மேல் அப்படி அழுத்துவதற்கு எனக்கு மனமும் வரவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் ஸ்பாட்டிஃபை மற்றவற்றைவிட ஓரடி முன்னால் இருக்கிறது. கேட்பது கணக்கில் சேராமல் இருக்க ‘பிரைவேட் செஷன்’ என்ற வசதி நெடுங்காலமாக உண்டு. 2023-இல், நாம் கேட்பதை வைத்துச் செயலி வரைந்துகொள்ளும் நம் ‘ரசனைச் சித்திரத்திலிருந்து’ ஒரு பிளேலிஸ்ட்டை நீக்கிவிடும் வசதியையும் சேர்த்தது. குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு, விருந்தினருக்கான பாட்டு, மழைச் சத்தம் ஆகியவற்றை ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு, அதன் மூன்று புள்ளிப் பட்டியலில் இந்தத் தேர்வைத் தொட்டுவிட்டால், அதில் கேட்பவை நம் பரிந்துரைகளை அவ்வளவாகப் பாதிக்காது. மிக அவசியமான வசதி. ஆனால் இரண்டுமே உள்ளே உள்ளே போய்த் தேட வேண்டிய இடங்களில் இருக்கின்றன. யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி எழும் இடம் முகப்பு. விடை சொல்லும் பொத்தானும் அங்கேயே இருக்க வேண்டும். ‘இப்போது கேட்பது நான் இல்லை’ என்று ஒரே தொடுதலில் சொல்லவும், கடந்த ஒரு மாதத்தில் கேட்டதை ஒரு நாட்காட்டியைப் போலப் பார்த்து, இந்த நாட்களை விட்டுவிடு என்று குறிக்கவும் முடிந்தால், தனிப்பயனாக்கத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் முகப்பில் ஓரிடம் என்பது காசு. 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ திட்டத்தில், இசைஞரோ நிறுவனமோ தாம் குறிப்பிடும் பாட்டுகளுக்குக் குறைந்த உரிமைத்தொகையை ஏற்றுக்கொண்டால், செயலி தானாகவே அடுத்தடுத்துப் பாட்டுகளை ஓடவிடும் ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அந்தப் பாட்டுகள் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பு கூடும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகைக் கணக்கே இல்லை. சொந்தமாகப் பாட்டமைத்து வெளியிடும் ஓர் இளைஞருக்கு, பரிந்துரையில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஆயிரத்தைத் தொடுவதும் தொடாததுமாகும். அதனால்தான் காரணம் சொல்லும் தலைப்புகளை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். என் பழக்கத்தால் வந்த பரிந்துரைக்கும் வணிக ஏற்பாட்டால் கூடுதல் வாய்ப்புப் பெற்று வந்த பரிந்துரைக்கும் தலைப்பிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். கடைக்காரர் ‘இது நல்லாருக்கும், வாங்கிட்டுப் போங்க’ என்று சொல்லும்போது, அவர் எதற்காகச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு.

இத்தனை சொன்ன பிறகும், புதிய இசையைத் தேடுகிறவருக்கு ஸ்பாட்டிஃபையின் சந்தா தகும் என்றே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் அதன் முகப்பின் அமைப்பைவிட, அதில் வந்து நிற்கும் இரண்டு பட்டியல்கள். 2015 ஜூலையில் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ திங்கள்தோறும் 30 பாட்டுகளைத் தருகிறது. பிற மனிதர்கள் தங்கள் கையால் தொகுத்த எண்ணற்ற பிளேலிஸ்ட்டுகளில் எந்தப் பாட்டு எதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து கற்றுக்கொண்டு அது தேர்கிறது. அதனால் அதில் ஒரு மனித வாசனை இருக்கிறது. 2016-இல் வந்த ‘ரிலீஸ் ரேடார்’ வெள்ளிதோறும், நாம் பின்தொடர்கிறவர்களின் புதிய வெளியீடுகளைக் கொண்டுவருகிறது. இரண்டும் அளவானவை, நாள் குறித்து வருபவை, முடிவுள்ளவை. முடிவில்லாமல் கீழே தள்ளிக்கொண்டே போகும் திரையைவிட, முப்பதோடு நின்றுவிடும் ஒரு பட்டியல் எனக்கு மேலானது.

தமிழ் கேட்கிறவர்கள் இப்போதைக்குச் செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. இசையமைப்பாளர் வாரியாகவும் காலகட்ட வாரியாகவும் சொந்தமாகப் பிளேலிஸ்ட் அமைத்து, அவற்றையே நாள்தோறும் திறந்து கேளுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் அவை மேற்கட்டங்களில் வந்து நிற்கத் தொடங்கும். வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிளேலிஸ்ட் வைத்து, முதல் நாளே அதை ரசனைச் சித்திரத்திலிருந்து நீக்கிவிடுங்கள். ராகம் வாரியாகக் கேட்க விரும்புகிறவர்கள், பிளேலிஸ்ட்டின் பெயரிலேயே ராகத்தின் பெயரை எழுதிப் பொதுவில் வையுங்கள். அதே ராகத்தைத் தேடி வருகிற இன்னொருவருக்குத் தேடல் பெட்டியில் உங்கள் தொகுப்பு கண்ணில் படும்.